பத்தியக் கோழிக்கு விலை

1961 மாசி (பெப்ரவரி) 12

இன்றும் இஸ்ஸதீனோடு சண்டை. சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு கனகராயன்குளம் முழுக்கக் கோழி வாங்குகிறவன். சேவலைக் காலில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டரை ரூபாய் என்றான். குறுணல் என்ன விலை விற்கிறது, கீரிக்கும் பிராந்துக்கும் கொடுத்த குஞ்சுகள் எத்தனை? அதையெல்லாம் ஆர் தூக்கிப் பார்க்கிறது? மூன்றிலேயே நின்றேன்.

"அக்கா, உங்களோடை கதைச்சு வெல்ல ஏலாது" என்று மூன்றைத் தந்தான். பிறகு கிணற்றடியில் மேய்ந்த நாலு இளம் பேடுகளிலும் கண் வைத்தான்.

"அதுக்கு விலை இல்லைத் தம்பி. மகளின்ரை பத்தியத்துக்கு வளர்க்கிறன்."

"அப்ப நான் கேக்கேல்லை" என்று போய்விட்டான். பேரக்காரன் என்றாலும் முறை தெரிந்தவன்.

மாசி 27

மருமகன் முல்லைத்தீவிலிருந்து ராசேசைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். தலைப்பிள்ளை, தாய் வீட்டில்தானே. வந்ததும் வராததுமாகப் பேடுகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். "அம்மா, உதுகளைத் தின்னவே நான் பெறவேணும் போலை கிடக்கு." வாயைப் பார். வீடு வீடாக இருக்கிறது.

பங்குனி 24

மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் காயவைத்து எடுத்தேன். ராசேசின் காலோடு இப்ப முகமும் வீங்கியிருக்கிறது. தலையிடி என்கிறாள். மருத்துவிச்சி பார்த்துவிட்டு, "விடியத்தான் பஸ், அதிலை வவுனியாவுக்குக் கொண்டுபோங்கோ" என்றா. இவர் முதலே உடுத்துக்கொண்டு வாசலில் இருக்கிறார்.

பங்குனி 26

பெண் பிள்ளை. ராசேஸ் இல்லை.

வலிப்பு வந்ததாம். ஐயோ, என்ரை குஞ்சு. கடைசியாய் ஒருக்கால் கையைப் பிடிக்கேல்லையே நான்.

சித்திரை 1

நாளைக்கு எட்டாம் நாள், எட்டுச் செலவு. கறி மீனெல்லாம் ஆக்கிப் படைக்கவேணும் என்று இவரின் அக்கா கமலாசனி மச்சாள் காலையே வந்துவிட்டா. குசினி வாசலில் நின்று, "அந்த நாலு பேடும் நிக்குதுதானே, காசு குடுத்து ஏன் வாங்குவான்? அவளுக்கெண்டு வளர்த்தது. அவளுக்கே படைப்பம்" என்றா.

அவ சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "பிள்ளை பெத்து எழும்பித் தின்ன வளர்த்தனான்! செத்து வாழையிலையிலை தின்னவோ?" என்று கத்தினேன். சனமெல்லாம் பார்த்தது. மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. வேறு வீட்டில் கோழி வாங்கினார்கள்.

சித்திரை 14

வருசப்பிறப்பு. எங்களுக்கு இல்லை. பேடுகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. பொறுக்க மனமில்லை.

வைகாசி 3

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்து இன்றுதான் இஸ்ஸதீன் வந்தான். சைக்கிளைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு நின்றான். நெளுக்குளத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதாம். பத்தியத்துக்கு நல்ல பேடு தேடுகிறார்களாம். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"கேக்கக் கூடாதுதான். ஒண்டு தந்தால் அஞ்சு ரூவா தாறன் அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. அஞ்சு ரூபாய்க்கு எந்த ஊரில் கோழி விற்கிறது?

"என்ரை பிள்ளை செத்ததுக்கும் சேர்த்தோ விலை போடுறீர்? மூண்டேகால். முட்டைக்கு வந்த கோழிக்கு அதுதான் நியாயம்."

"நாலாவது வாங்குங்கோ."

"மூண்டேகால் எண்டால் மூண்டேகால்."

நான் குறைக்க, அவன் கூட்ட. இப்படி ஒரு பேரம் எங்கள் ஊரில் ஒருநாளும் நடந்திராது. கடைசியில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

"தாய் சுகமோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. எழும்பி இருந்து கதைக்கிறாவாம்."

நானே ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைக் கட்டிக் கொடுத்தேன். "மிளகாய் போடாமல் மிளகோடை ஆக்கச் சொல்லும். ஈரலைத் தாய்க்குக் குடுக்கச் சொல்லும்" என்றேன்.

பின்னேரம் இவர் தோளில் பேத்தியைப் போட்டுக்கொண்டு வந்து வெறுங்கூட்டைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "ஒண்டுதானே கேட்டவன். நாலையும் ஏன் குடுத்தனி?"

"பத்தியம் முடியுமட்டும் ஒருத்திக்கு நாலு வேணும்" என்றேன்.

பிறகு இருந்து அழுதேன்.