ஆவணிக்குக் காத்திருந்த பிரேக்

இன்று காலை சாப்பிட உட்கார்ந்தபோது கையில் பிரேக் ஆயில் வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. நேற்று பாண்டி மேட்டுப்பாளையத்துப் பட்டறையில் உன் ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டினார்கள். நான் ஆயில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பட்டறையிலும் எனக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பொறுப்பு அதுதான் என்பது உனக்குத் தெரியும்.

ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்பை வாங்கி உயரமாக்கினாய். அதில் ஏறுவதற்கு உன் மனைவி மலர் ஒரு முக்காலி வாங்கினாள். பிறகு ஆடித் தள்ளுபடியில் டிராக்டருக்குப் பொருந்தும் அளவில் டயர்கள். அதே வாரம் பிரேக் சாமான்களும் பெட்டியில் வந்து இறங்கின. சக்கரம் பெருத்தால் பழைய டிரம் பிரேக்கால் அதை நிறுத்த முடியாது என்று எனக்குப் படம் வரைந்து விளக்கியவன் நீதான். டயர் அன்றே ஏறியது. பெட்டி கட்டிலுக்கடியில் போனது. ஆடி மாதத்தில் வண்டியைப் பிரிக்க வேண்டாம் என்று மலர் சொல்லியிருந்தாள்.

"டயர் மட்டும் மாட்டலாமா?" என்று கேட்டேன்.

"டயரு மாத்தறது சட்ட மாத்தற மாதிரிடா. பிரேக்கு ஆபரேஷன். ஆடியில எவனாவது ஆபரேஷன் பண்ணிக்குவானா?"

கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பதோடு உன் பக்தி முடிந்துவிடும். மலருக்காக அந்த ஒரு மாதத்தை மட்டும் நம்பினாய். ஆனால் வண்டியை நிறுத்தி வைக்கவில்லை. உப்பளத்துத் தெருக்களில் யானை மேல் போவதுபோல் போனோம். ஒவ்வொரு முனையிலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

"இன்னாடா மிதிக்கற? உன் பக்கம் பிரேக்கு கெடையாது."

"உன் பக்கம் இருக்குதா?"

"பாண்டியில மலையா இருக்குது? எல்லா ரோடும் நேராப் போய் கடல்ல முடியுது. ஆவணி பொறக்கட்டும், போட்டுடலாம்."

கடலில் முடிகிற ரோட்டுக்குத்தான் பிரேக் வேண்டும் என்றேன். நாம் இருவருமே சிரித்தோம்.

ஆடியின் கடைசி ஞாயிறு, தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கத் தனியாகப் போனாய். ஐஸ் தண்ணீர் வழிந்த ரோட்டில் தலையில் மீன் கூடையோடு ஓர் அம்மா குறுக்கே வந்தார். மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. ஐஸ் கொட்டகைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டாய். அந்த அம்மாவுக்குக் கூடை மட்டும் விழுந்தது. ஸ்டியரிங் உன் நெஞ்சில் இடித்தது. ராணுவ வண்டியல்லவா, அதற்கு பம்பர் வளைந்ததோடு சரி.

"எனக்கோசரம்தான் திருப்பிச்சி அந்தப் புள்ள" என்று அவர் உன் வீட்டு வாசலில் திரும்பத் திரும்பச் சொன்னார். மலர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உன் கருமாதி ஆவணியில் வந்தது. நல்ல மாதம்.

போன வாரம் கடலூரிலிருந்து ஒருவர் ஜீப்பை இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன் என்றார். மலர் ஒப்பவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பெட்டியைத் தானே இழுத்து என் முன்னால் வைத்தாள்.

"இத மாட்டிட்டுதாண்ணே குடுக்கணும். அவரு வீட்லயும் ஒருத்தி இருப்பா. அவளும் எதுனா சொல்லி வெப்பா."

சாஸ்திரம், சம்பிரதாயம் எதைப் பற்றியும் நாள் முழுக்கப் பேசக்கூடியவன் நான். அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மாட்டி முடித்ததும் நேற்று தேங்காய்த்திட்டுக்கு ஓட்டிப் போனேன். ஐஸ் கொட்டகை எதிரில், யாரும் குறுக்கே வராதபோதே, மிதித்தேன். அத்தனை பெரிய சக்கரங்களும் சொன்ன இடத்தில் நின்றன. பின்னால் வந்த மீன் வேன்காரர் எட்டிப் பார்த்தார்.

"நடுரோட்டுல இன்னா சார், வேண்டுதலா?"

ஆமாம் என்றேன்.

நாளை ஜீப் கடலூர் போகிறது. எனக்கு மிஞ்சியது இந்த வலது கால். பஸ்ஸோ ஆட்டோவோ, யார் ஓட்டினாலும் முனை வந்ததும் தரையை அழுத்துகிறது. என் பக்கம் பிரேக் கிடையாது என்று அதற்கு நினைவூட்ட இப்போது ஆள் இல்லை. அதனால் மிதித்துக்கொண்டே இருக்கிறது.