அப்பா வாசித்த மெட்டு

அக்டோபர் 25, 2004. திங்கள்

காலையிலிருந்து தூறல். முதல் ஷிப்ட். ரேஷன் மண்ணெண்ணெய் இன்றும் வாங்கவில்லை. வீட்டுக்காரி செல்வி கத்தப்போகிறாள்.

கம்பெனியில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் போன வாரத்து ஆயுத பூஜையால் வந்த வினை. மெஷின்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் சூப்பர்வைசர் என்னைப் பிடில் வாசிக்கச் சொன்னார். சும்மா வாசித்துவிட்டு இறங்கியிருக்கலாம். மைக்கைப் பிடித்து, "இது எங்கப்பா போட்ட மெட்டு. விருதுநகர் பக்கம் நாடக செட்டுல பிடில் வாசிச்சவர்" என்றேன். வாய்க்கொழுப்பு!

முனிராஜ் எழுந்துவிட்டான். பக்கத்து லேத்தில் நிற்பவன். வேப்பனப்பள்ளிக்காரன், வீட்டில் தெலுங்கு. "யோவ், இது எங்க வூட்டுக் கல்யாண மெட்டுய்யா. பொண்ண அனுப்பி வெக்கிறப்ப எங்க பெரியப்பா வாசிப்பாரு. உங்கப்பன் எப்ப போட்டான்?"

அப்பன் என்றதும் எனக்கு ஏறிவிட்டது. அவன் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் வந்து விலக்கினார்கள்.

இன்று கேன்டீனில் இரண்டு கட்சி. தெற்கத்தி ஆட்கள் என் பக்கம், உள்ளூர்க்காரர்கள் அவன் பக்கம். நடுவில் ஒருவன், "மாலூர்ல எங்க மாமா வூட்லயும் வாசிப்பாங்க, அது கன்னடம்" என்கிறான். அவனை இரண்டு கட்சியும் சேர்ந்து திட்டின.

அக். 26. செவ்வாய்

மழை இல்லை. மண்ணெண்ணெய் வாங்கியாச்சு.

முனிராஜ் இன்று பேசினான். பேச்சா அது. "ஞாயித்துக்கெழம எங்கூர்ல கல்யாணம். வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு, 'இது எங்கப்பா போட்டது இல்ல'ன்னு. வரலன்னா உங்கப்பன் திருடன்னு கம்பெனி பூரா சொல்லுவேன்." அந்தக் கோபத்தில் லேத்தில் ஒரு ஜாப் அளவு தப்பி ரிஜெக்ட் ஆனது.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பொழைக்க வந்த ஊருடா. சண்ட வேணாம்." அவ்வளவுதான்.

அக். 29. வெள்ளி

லீவு போட்டேன். முனிராஜின் பெரியப்பாவையே கேட்டுவிடுவது. வழியில் குந்தாரப்பள்ளியில் சந்தை, நிற்க இடமில்லை. வேப்பனப்பள்ளி பஸ்ஸில் ஒருவரின் ஆட்டுக்குட்டி பாதி என் மடியில்.

பெரியப்பா பெயர் வெங்கடப்பா. மாந்தோப்பு நடுவில் வீடு. மோர் கொடுத்தார். சண்டைக்குத் தயாராகப் போனவன் நான். அவரோ, "வாசிப்பா, கேக்கறேன்" என்றார்.

வாசித்து முடித்தேன். மோர்ச் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம், "கடேசில எறங்கி வந்துச்சே, அது யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்கப்பா."

"அத நாங்க வெளில வாசிக்கறதே இல்லப்பா. கல்யாணத்துல முன்பாதி மட்டுந்தான். கடேசிய, மறுவூட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு உள்ள உக்கார வெச்சு சொல்லித் தருவோம். முனிராஜுக்கே தெரியாது. கேட்டுத் திருட முடியாது அது."

அப்புறம் பழைய கதையைச் சொன்னார். நாடக செட்டோடு ஒரு தெற்கத்தி ஆள் வந்தாராம். இவருடைய அக்கா ரத்னம்மாவைக் கட்டினாராம். இரண்டு வருடம் இருந்துவிட்டு, செட்டோடு போனவர் திரும்பவே இல்லையாம். பெயர் கேட்டேன். அப்பா பெயர்தான். அம்மாவைக் கட்டுவதற்கு முந்திய கதை.

"அக்கா உள்ளதான் இருக்கா. நீ வாசிச்சத கேட்டிருப்பா."

எழுந்து வந்துவிட்டேன். அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. சீ.

பஸ் வரைக்கும் கூட வந்தார். "முனிராஜுகிட்ட நான் சொல்லல. ஞாயித்துக்கெழம நீயே சொல்லு. திருடன்னு சொல்றியோ, மாப்பிள்ளன்னு சொல்றியோ."

அக். 30. சனி

தூக்கம் போச்சு. சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை என்று சொன்னால், இத்தனை வயதுக்கு மேல் இரண்டாந்தாரம் என்று அம்மா ஊர் வாயில் விழ வேண்டும். நொறுங்கிப் போவாள். திருடன் என்றால் அவமானம் செத்தவரோடு போகும். அப்பா மேல் அப்படி ஒரு ஆத்திரம். விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த மெட்டு மட்டும் எதற்கு?

முடிவு: திருடன்.

அக். 31. ஞாயிறு

வெயில். செல்வி சட்டை இஸ்திரி போட்டுத் தந்தாள். அம்மாவிடம், "அப்பா அவங்ககிட்ட இருந்து எடுத்ததுதாம்மா. தப்புன்னு சொல்லிட்டு வந்துர்றேன்" என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா என்னையே பார்த்தாள்.

"உங்கப்பா களவாணி இல்லடா. அந்த வீட்டு மாப்பிள்ளை. நாலு பேரு முன்னாடி அப்படியே சொல்லு."

அவள் தலையை வாரி முடிந்துகொண்டு, செருப்பைத் தேடிப் போட்டாள்.

"ரத்னம்மா இன்னும் இருக்காளா? நட, நானும் வாரேன்."