முக்கால் அடித் தண்ணீர்

தார் ரோட்டைக் கண்டாலே முகம் சுளித்த என் மச்சானுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அது உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் இந்தக் கடிதத்தின் முதல் வரிக்கே மூன்று நாள் ஆகிவிட்டது. உங்கள் நினைவு நாளுக்கு நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் ஒரு சின்ன மலர் போடுகிறது. அதில் எனக்கு ஒரு பக்கம். எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வண்டி விவரம். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். முன் சக்கரம் தேறாது, மாற்றிவிட்டேன். ஃபிரேமை நூல் பிடித்துப் பார்த்தேன், நேராக இருக்கிறது. பின் டயர் பழையதேதான். கருவேல முள்ளுக்குத் தப்பிக்க, மில்லில் கழித்துப்போட்ட ஸ்பிண்டில் டேப்பை, அந்தக் கெட்டி நாடாவை, இரண்டு வரிசையாக டியூபுக்கும் டயருக்கும் நடுவில் வைத்தீர்களே, அதைக் கழற்றவில்லை. இதுவரை ஒரு பஞ்சர் இல்லை. வேலைக்கு ஆகாத யோசனை என்று நான் அன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சீட்டை மட்டும் மூன்று அங்குலம் இறக்கியிருக்கிறேன். இப்போது வண்டியை அக்கா ஓட்டுகிறாள்.

ஆமாம், உங்கள் மனைவிதான். பால்கோவா வாங்க இம்புட்டுத் தூரம் மிதிக்கணுமா என்று உங்களைக் கேலி செய்தவள்தான். ஐப்பசி மழை விட்டதும் ஒருநாள் வண்டியைத் தானே வெளியே எடுத்தாள். பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்து, சாயங்காலங்களில் மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். முழங்காலில் இரண்டு காயம். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஏலே, அவிய போற பாதைல என்னையக் கூட்டிட்டுப் போ."

"வேண்டாம்க்கா. முள்ளு."

"முள்ளுக்குத்தான் அவிய டேப்பு வச்சிருக்காகளே. வேற காரணம் இருந்தாச் சொல்லு."

வேறு காரணம் இருந்தது. சொல்லவில்லை.

இந்த மலரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தார் படாமல் போக ஒரு பாதை உண்டு. கண்மாய்க் கரை, ஓடைக் கரை, மாந்தோப்பு வண்டிப்பாதை, மிச்சமெல்லாம் சரளைக் கல். பக்கத்திலேயே மெயின் ரோட்டில் லாரிகள் பறக்கும், இங்கே டயருக்கு அடியில் கல் நெரிபடும் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. அந்தப் பாதையைத் துண்டு துண்டாகத் தேடி ஒட்டவைத்தவர் என் மச்சான். மில்லில் ஃபிட்டர். அவர் இரண்டு விதி வைத்திருந்தார். தார் ரோடு குறுக்கே வந்தால் இறங்கி வண்டியை உருட்டிக் கடக்க வேண்டும்; செருப்பு படலாம், டயர் படக்கூடாது. இன்னொன்று, மழைக்காலத்தில் முதல் நாள் சாயங்காலமே நடுக்கண்மாயின் நீர்பாய்ச்சிக்கு, அதாவது மடை திறந்து தண்ணீர் விடுகிறவருக்கு, போன் போட்டு மறுகால் பாய்கிறதா என்று கேட்க வேண்டும். கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் கலுங்குச் சுவர் மேல் வழிந்து போகும், அதுதான் மறுகால். எங்கள் பாதை அந்தச் சுவர் மேல்தான்.

போன மார்கழியில், அந்தச் சனிக்கிழமை, போன் போட வேண்டியது நான்.

நான் போடவில்லை, மச்சான். நீங்கள் கேட்டபோது "பாத்தாச்சு" என்றேன். பொய் இல்லை. பார்த்தது கம்ப்யூட்டரில், செயற்கைக்கோள் படத்தில். கலுங்கு காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் படம் கோடையில் எடுத்தது. படத்தின் தேதியைப் பார்க்க வேண்டும் என்று, மேப் வேலைக்குப் படித்த எனக்குக் கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கலுங்குக்குப் போனோம். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நீர்பாய்ச்சி சீனி அண்ணாச்சி எதிர்க்கரையில் நின்று கையை ஆட்டினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அவசரத்தில் அதுதான் வரும். "ஆகு, ஆகு" என்று கத்தினார், நில்லுங்கள் என்று. "பாசி வழுக்கும். செத்த நேரம் பொறுங்க, மோட்டார் ரூம்ல கயிறு கெடக்கு, எடுத்துட்டு வாரேன்."

ஞாயிறானாலும் எனக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ் மீட்டிங். அண்ணாச்சி நடந்துபோய் வர அரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

"மச்சான், ரெண்டே கிலோமீட்டர். ரோட்டுல ஏறி அந்தப் பக்கம் எறங்கிருவோம். ஏழு நிமிசம்."

"டயர் படக்கூடாதுல்ல மாப்ள."

"ஒங்க டயரு என்ன, மார்கழி விரதமா?"

நீங்கள் சிரித்தீர்கள். "சரி, ஒனக்காக இன்னிக்கி விரதத்த முடிச்சிருவோம்" என்று வண்டியைத் திருப்பினீர்கள்.

நான் எப்போதும் போல முன்னால் போனேன். பின்னால் லாரி மோதிய சத்தத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அந்த மீட்டிங் எதைப் பற்றியது என்று இன்று எனக்கு நினைவில்லை.

துக்க வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இத்தனை நிதானமான மனுசன் எதுக்கு மெயின் ரோட்டுல ஏறினான்? அக்காவும் கேட்டாள். "தெரியலக்கா" என்றேன். ஒரே சொல். அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். அவள் தானாகவே ஒரு பதிலைக் கட்டிக்கொண்டாள். "அவியளுக்கு அன்னிக்கின்னு பாத்து என்ன அவசரமோ" என்று உங்கள் படத்தைப் பார்த்துத் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். உங்களுக்கு அவசரமே கிடையாது, மச்சான். அது என் அவசரம்.

கார்த்திகையில் அவள் கூட்டிப் போகச் சொல்லி என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். "நீ வந்தா வா, வராட்டி நான் தனியாப் போறேன்" என்றாள். தனியாக விட முடியுமா? சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மறுகால் போகிறது, முக்கால் அடி இருக்கும், கயிறு கட்டி வைக்கிறேன் என்றார். வேறு வழியாகப் போகலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "அவிய வழின்னா அவிய வழி" என்றாள்.

மறுநாள் ஓடைக்கரை முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். இந்தக் கல் ஏன் வெள்ளை, அந்த மயில் யாருடையது, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, இதற்குத்தான் விடியுமுன்னே ஓடினாரா என்று. கண்மாய்க் கரையில் ஏறும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி கல்தூணுக்கும் எதிர்க்கரை வேப்பமரத்துக்கும் நடுவில் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார். அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கும் இம்புட்டுத்தான் போச்சா, அண்ணாச்சி?"

"இதே அளவுதான் தாயி. கயிறு எடுக்கப் போயிட்டு வந்து பாத்தா ரெண்டு பேரையும் காணோம். நிக்கச் சொல்லிட்டுத்தான் போனேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன். போன் போடாதது, கோடைக்காலப் படம், ஒன்பது மணி மீட்டிங், ஏழு நிமிடம், விரதக் கிண்டல், எல்லாவற்றையும் வரிசையாக, வேலையில் ஒரு பழுதுக்கு ரிப்போர்ட் கொடுப்பதுபோல. எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

அவள் அழவில்லை. குனிந்து கையைத் தண்ணீரில் விட்டாள். முழங்கைக்கு வரவில்லை.

"முக்கால் அடிக்காடா?" என்றாள்.

அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா, மச்சான்?

ஒரு கையில் கயிறு, ஒரு கையில் உங்கள் வண்டி. கலுங்கில் இறங்கி உருட்டிக்கொண்டு போனாள். நடுவில் பாசியில் கால் வழுக்கியது. நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். "கிட்ட வராத" என்றாள், திரும்பாமலே. அவள் கரையேறிய பிறகுதான் நான் நடந்தேன். ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்து, பெரிதாகி, ஊர் வரும்வரை எங்களுக்கு நடுவில் ஐம்பது அடி இருந்தது. மெயின் ரோடு குறுக்கே வந்த இடத்தில் அவள் இறங்கினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களிடம் எப்போது கேட்டு வைத்திருந்தாள்?

நான்கு ஞாயிறு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேச்சு இல்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து அவளே போன் போட்டாள்.

"அண்ணாச்சிகிட்டக் கேட்டியா?"

"இல்லக்கா. நீ வருவியான்னு தெரியல."

"நான் வாரேனோ வரலையோ, அது வேற. நீ கேட்டியா?"

கேட்டேன். மறுகால் நின்றுவிட்டது, கல் காய்ந்து கிடக்கிறது என்றார். அக்காவுக்குச் சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டாள். விடியும்போது வாசலில் வண்டியோடு நின்றாள்.

மன்னித்துவிட்டாளா? தெரியாது. கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அவிய சிரிச்சாகன்னு எழுதிருக்கியே. நெசமாவே சிரிச்சாகளா, நீயாப் போட்டியா?"

"சிரிச்சாகக்கா."

"அப்ப அது இருக்கட்டும்" என்றாள். வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை.

நூல் கோன் அட்டையைக் கிழித்து நீங்கள் பென்சிலில் வரைந்த வரைபடம் என்னிடம் இருக்கிறது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலை வரை கோடு. அதற்குமேல் கிழக்கே வேம்பார்க் கடல் வரை வெறும் புள்ளிகள். கடல்ல டயர நனைக்கணும் மாப்ள என்பீர்கள். அந்தப் புள்ளிகளைக் கோடாக்குகிறேன். வழியில் வருகிற ஒவ்வொரு கண்மாயின் ஆளுக்கும் முதல் நாளே போன் போடுவேன். எந்தக் கரையில் யார் நில்லு என்று சொன்னாலும் நிற்பேன், அரை மணியானாலும் அரை நாளானாலும். டயர் தாரில் படாது.

உங்களைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போன,
உங்கள் மாப்பிள்ளை,
கண்ணன்