கொய்யாத் தோட்டத்துத் துண்டு

வியாழன், இரவு

ஆயக்குடியில் கொய்யாவுக்கு மருந்தடித்தவரைக் காலையில் எச்சில் ஒழுக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தம் எடுக்கப் போன நான், "எம்புட்டு குடிச்சாரு?" என்று அவர் மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"குடிக்கலீங்க. மூக்குல ஈரத்துண்டு கட்டித்தானுங்க அடிச்சாரு."

மருந்தைக் குடித்தது அந்தத் துண்டு. நரம்பு அனுப்பும் சேதியைத் தசை கேட்டதும், அதைத் துடைத்தழிப்பது ஒரு நொதி. ஆயிரம் முறை துடைத்தாலும் தான் தீராது. பூச்சிமருந்து அதைக் கட்டிப்போட்டால் சேதி அழியாமல் நிற்கும், எச்சில் நிற்காது, மூச்சுத் தசை துடித்துத் துடித்து ஓய்ந்துவிடும். அவர் ரத்தத்தில் அந்த நொதி வேலையே செய்யவில்லை. நாலு மணிக்குப் போய்விட்டார்.

துண்டு எங்கே என்று காலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் வராந்தாவில் அவர் மனைவியைப் பார்த்தேன். மடியில் தூங்கிய பிள்ளைக்கு அதைத்தான் போர்த்தியிருந்தாள். பிடுங்கினேன்.

"அவரு துண்டுங்க, குடுங்க," என்று அழுதாள்.

டாக்டரிடம் சொல்லிப் பிள்ளையை வார்டில் சேர்த்தாயிற்று. ரத்தமும் எடுத்துவிட்டேன். ரிப்போர்ட் காலையில்தான் வரும்.

பிள்ளையின் கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. தூங்குகிற பிள்ளைக்கு எச்சில் வழியும். எல்லாப் பிள்ளைக்கும் வழியும்.