பீரோ சாவி

அன்பு மகளுக்கு,

போனில் நீ "சாப்டீங்களாப்பா" என்று கேட்டதும், சொல்ல வந்ததை விட்டுப் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மல்லாட்டை பிடுங்கி, கடலையைக் காயப் போட்டாயிற்று. விழுப்புரம் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கையில் காபி கொட்டிய இடம் ஆறிவிட்டதா?

உனக்குப் பார்த்த திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டார் நம்மூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார்கள். உன் வலிப்பு மாத்திரை அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர்கள் எதிரில் மாத்திரை என்று சொல்ல முடியாமல், "அப்பா, பீரோ சாவி குடுங்க" என்று மட்டும் கேட்டாய். காலையிலும் கேட்டாய், மாலையிலும் கேட்டாய். எதற்கென்று தெரிந்தேதான், "அப்புறம் பார்த்துக்கலாம், போம்மா" என்றேன். மூன்றாம் நாள் காலை, அவர்கள் கிளம்பும் நேரம், காபித் தட்டோடு விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "மாத்திரைய திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரும்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று அத்தனை பேர் முன்னால் உன்னைத் திட்டினார். "மறந்துட்டேன் மேடம்" என்றாய். நான் பக்கத்திலேயே நின்றேன். சாவி என் அரைஞாணில்தான் இருந்தது.

அவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அது போகட்டும்.

இன்று அந்த டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். "எம்பொண்ணு மறக்கலைங்க. நான்தான் குடுக்கல" என்றேன். உன் சீட்டில் 'மறதி' என்று எழுதியிருந்ததை அவர் அடித்துவிட்டார். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

அப்பா