முழுசாகக் குதிக்க வேண்டாம் என்று சொல்

அன்புள்ள பெரியவளுக்கு, நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். சலவைக்கடையில் இஸ்திரி நீராவி பட்டு என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயப்படாதே, ஆறிவருகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். கடிதமே அவளைப் பற்றித்தான், அதை அவள் கையாலேயே எழுத வைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, சிகரெட் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பெருமூளை வாதம் உள்ள பெண்கள் ஆடும் கால்பந்து அணியில் இவள் சேர்ந்தது உனக்குத் தெரியும். படிக்கட்டு ஏற முடியாமல் பள்ளியை விட்டு, வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிற பெண், அங்கே மட்டும் வாய் திறந்து பந்து கேட்கிறாள். பாதிப்பு எவ்வளவு என்று பார்த்து ஆடுகிறவர்களை மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள், இவள் நடு வகுப்பு. பயிற்சியில் அந்த விறைத்த இடது கால் இளகிவிட்டது, இப்போது ஓடுவதையும் எம்புவதையும் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பாய். அடுத்த மாதம் டாக்டரும் பிசியோவும் மறுபடி பார்க்க வருகிறார்கள், கட்டிலில் படுக்க வைத்து முட்டியை மடக்கிப் பார்ப்பார்கள், அப்புறம் ஓட, குதிக்க, பந்தை உருட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். பாதிப்பு லேசு என்று மேல் வகுப்பில் போட்டுவிட்டால் தொலைந்தது, அந்த வகுப்புக்காரி ஒரு நேரத்தில் ஒருத்திதான் களத்தில் நிற்கலாம், நம் அணியில் அந்த ஒருத்தி ஏற்கெனவே கேப்டன். இவள் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

கோல்கீப்பர் பெண்ணின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மட்டாகக் குதிக்கச் சொல்லு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். வீட்டில் சொன்னேன், அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். நடிப்பது தெரிந்தால் வருஷக்கணக்கில் ஆடவே விடமாட்டார்கள் என்கிறாள் இவள், இந்த வரிக்கு அடிக்கோடு வேறு போடுகிறாள், போடாதேடி என்றால் கேட்கவில்லை. நேற்று பின்பக்கத்து வராந்தாவில் சுவரோரம் நிற்க வைத்து, பாதி குதி பார்ப்போம் என்றேன். எனக்காகத்தான் முயன்றாள். முட்டியை மடக்கினாள், நின்றாள், மறுபடி மடக்கினாள், குதிக்கவேயில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே, “கம்மியா குதின்னு இந்தக் கால்கிட்ட எப்படிம்மா சொல்றது? கெஞ்சிக் கெஞ்சி இப்பதான் பேச்சைக் கேக்குது” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெஞ்சில் உட்கார வைத்தால் பழையபடி வாயை மூடிக்கொள்வாள், அதை இன்னொரு முறை நான் பார்க்க முடியாது. நீ சொன்னால் கேட்பாள். கடிதம் கிடைத்ததும் போன் போட்டு அவளுக்குச் சொல்லு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை முடிந்து இருட்டில் தனியாக வராதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், மனசில் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் பேச மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, அம்மா சொன்னதை ஒரு வார்த்தையும் விடாமல் எழுதிவிட்டேன். நீ போன் போடு, ஆனால் அம்மாவிடம் பேசு. பெஞ்சில் உட்கார்ந்தாலும் பயிற்சிக்குப் போவதை விடமாட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குதிக்கச் சொன்னால் முழுசாகத்தான் குதிப்பேன். அதை அம்மா வந்து பார்க்க வேண்டும், அதையும் நீயே சொல்லிவிடு.