வால் வரை ஓடும் கோடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மாமா எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே, திட்டுவதற்காக எழுதவில்லை. எட்டு மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் நலம். உன் அக்கா மட்டும் "சாப்பாடு மேசைல இருக்கு" என்பதற்கு மேல் என்னிடம் பேசுவதில்லை.

விஷயம் பெரியது. போன செவ்வாய்க்கிழமை எனக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் நம் பல் டாக்டரிடமே போனேன். ஆமாம், நாம் கொடுத்த பாசி தின்னி மீன்களை விட்ட பிறகு தன் தொட்டியில் ஏஞ்சல் மீன்களின் விலாவெல்லாம் புண்ணாகி இரண்டு செத்ததென்று நம் வண்ணமீன் கடைக்கு வந்து கத்தினாரே, அவரேதான். எனக்கு முன்னால் ஒன்பது பேர். நம் கடையிலிருந்து போன ஆறு பாசி தின்னிகளும், மிஞ்சிய ஒரே ஏஞ்சலும் நோயாளிகள் காத்திருக்கும் அறையிலுள்ள அந்தக் கண்ணாடித் தொட்டியில் இருந்தன.

மாப்பிள்ளை, ஒன்றரை மணி நேரம் மூக்கு ஒட்ட உட்கார்ந்து பார்த்தேன். கடை வைத்த இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு மீனை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. முதலில் ஆறும் ஒரே அச்சாகத்தான் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் விலாவில் கறுப்புக் கோடு. அப்புறம் கண் பழகியது. ஐந்து மீன்களுக்கு அந்தக் கோடு வால்துடுப்பின் நுனி வரை ஓடுகிறது. ஒன்றுக்கு மட்டும் வால் தொடங்குகிற இடத்திலேயே நின்றுவிடுகிறது! ஐந்தும் ஓய்வெடுக்கும்போது துடுப்புகளை ஊன்றி, தலையைத் தூக்கிக்கொண்டு கல்லின் மேல் உட்காருகின்றன. இலை ஓரத்தில் முடி மாதிரி முளைத்த கறுப்புப் பாசியைக் கடித்துக் கடித்து இழுக்கின்றன. அந்த ஒன்றோ உதட்டை விரித்து, கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. எனக்குப் பல் வலியே மறந்துவிட்டது.

அடுத்தது நான்தான் என்று சொன்ன அதே நேரம் அது கண்ணாடியை விட்டது. நேரே போய் ஏஞ்சலின் தட்டையான விலாவில் ஒட்டிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தது. ஏஞ்சல் துடித்துக்கொண்டு ஓடுகிறது, இது விட்டால்தானே! "இவன்தான்! இவன் ஒருத்தன்தான்!" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டர் கையில் இடுக்கியோடு ஓடி வந்தார். பல் பிடுங்க உட்கார்ந்திருந்தவரும் வாயைத் திறந்தபடியே பின்னால் வந்து நின்றார். "அப்போ மத்த அஞ்சும் ஒரு தப்பும் பண்ணலையா?" என்று டாக்டர் கேட்டார். பண்ணவில்லை மாப்பிள்ளை! அந்த உறிஞ்சியை வலையில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான், பல்லைக் காட்டவே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

இனி எழுதக் கை கூசுகிறது. டாக்டர் பாசி தின்னி வாங்க வந்த அன்று நீ பொறுக்கிப் பையில் போட்டது ஐந்து. டாக்டர் கேட்டது ஆறு. இன்னொன்றை அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு நீ சாப்பிடப் போனாய். நான் பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒன்றை அள்ளிப் போட்டு எண்ணிக்கையைச் சரிசெய்தேன். கோடு இருந்தது, போதும் என்று நினைத்தேன். பிறகு அடியோடு மறந்தும் போனேன். டாக்டர் கத்திய அன்று, ஒரு தடவை அந்தத் தொட்டியைப் போய்ப் பார்த்துவிடலாம் மாமா என்று கெஞ்சினாய். நான் கேட்கவில்லை. உனக்கு மீனும் தெரியாது மண்ணும் தெரியாது என்று கடை நிறைய ஆட்கள் பார்க்கக் கத்தினேன். நீ ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாய்.

உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

அங்கே கிடங்கில் பெட்டி அடுக்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கண்ணுக்குப் பெட்டியா வேலை? டாக்டர் இன்னும் பத்துப் பாசி தின்னி வேண்டும் என்கிறார், நீ பொறுக்கினால் மட்டும் வாங்குவாராம்.

அன்று கடையில் நின்றவர்களில் நான்கு பேர் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார்கள். திட்டும்போது நீ அவர்கள் முன்னால் நின்றாய். அதே இடத்தில் அவர்கள் காது கேட்க நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ வராமல் அதை யாரிடம் கேட்பேன்? ஏப்ரன் நீ மடித்த மடிப்பிலேயே இருக்கிறது. நன்றாக இரு. சீக்கிரம் வா ராஜா.

கடை வாசலைப் பார்த்தபடி,
உன் மாமா